கணினி படைக்கும் மலையும் மனிதர் சமைத்த மலையும்: விதிவழி நிலத்தோற்ற ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

கணினி விளையாட்டுகளிலே காணப்படும் மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஆற்றுப் படுகைகளும் பெரும்பாலும் ஓவியர் ஒருவர் கைப்பட வரைந்தவை அல்ல. சில கணித விதிகளையும் சில எண்களையும் கொடுத்துவிட்டால் பல நூறு சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள நிலத்தைக் கணினி தானே ஆக்கித் தருகின்றது. இம்முறையினை ‘விதிவழி நிலத்தோற்ற ஆக்கம்’ என இக்கட்டுரையில் நாம் வழங்குவோம். இதன் அடிப்படைகளை விளக்குவது எமது முதல் நோக்கம். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளை உள்ளடக்கிய மத்திய மலைநாட்டை இம்முறையால் ஆக்க முற்பட்டால் எவை கைகூடும், எவை விடுபடும் என ஆராய்வது இரண்டாவது நோக்கம். இயற்கை அமைத்த மலையும் மனித உழைப்பு மாற்றியமைத்த மலையும் ஒன்றோடொன்று பிரிக்கவியலாதபடி கலந்துள்ள பிரதேசம் அதுவாகலின், இவ்விதிகளின் வலுவையும் வரம்பையும் சோதிக்க அதனினும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

1. எண்களிலிருந்து மலை

நிலத்தைக் கணினி எவ்வாறு அறிகின்றது என்பதை முதலில் நோக்குவோம். பரந்ததொரு சதுரக் கட்டத்தாளை மனத்திற் கொள்க. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் எழுதப்பட்டுள்ளது. அந்த எண் அவ்விடத்தின் உயரம். இவ்வாறு உயரங்களாலான அட்டவணையே கணினிக்கு மலை. மலையை ஆக்குதல் என்பது இவ்வட்டவணையை எண்களால் நிரப்புதலேயாகும்.

எழுமாற்றாக எண்களை இட்டால் மலை உண்டாகாது. அடுத்தடுத்த கட்டங்களுக்கிடையே தொடர்பின்றி உயரங்கள் துள்ளிக் குதிக்கும். ஆணிப் படுக்கை போன்ற ஒரு பரப்பே கிடைக்கும். இயற்கை நிலத்திலோ அருகருகே உள்ள இடங்கள் ஏறத்தாழ ஒத்த உயரமுடையன. தூரம் கூடக்கூட வேறுபாடும் கூடும். எழுமாற்றுத் தன்மையையும் இத்தொடர்ச்சியையும் ஒருங்கே பெறுவதுதான் இத்துறையின் முதற் பிரச்சினையாக இருந்தது.

பெனுவா மண்டல்புரொட் 1975ஆம் ஆண்டிலும், பின்னர் விரிவாக 1982ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இதற்கு வழிகாட்டின. மலையின் ஒரு சிறு பகுதியை உருப்பெருக்கி நோக்கினால் அது முழு மலையின் கரடுமுரடையே பெரிதும் ஒத்திருக்கும். இப்பண்புடைய உருவங்களை அவர் பிராக்டல் எனப் பெயரிட்டார். அக்காலத்தில் போயிங் விமான நிறுவனத்திற் பணியாற்றிய லொறென் கார்ப்பென்ரர் இக்கருத்தைக் கையாண்டு 1980இல் இரண்டு நிமிடக் குறும்படமொன்றை உருவாக்கினார். அதில் மலைகள் முழுவதும் கணிதத்தாலேயே ஆக்கப்பட்டிருந்தன. முக்கோணம் ஒன்றின் பக்கங்களை நடுவிற் பிரித்து, நடுப்புள்ளியை எழுமாற்றாகச் சிறிது மேலோ கீழோ நகர்த்தி, கிடைக்கும் சிறு முக்கோணங்களை மீண்டும் அவ்வாறே பிரிப்பது அவர் கையாண்ட வழி. ஒவ்வொரு படியிலும் நகர்த்தும் அளவு குறைந்துகொண்டே செல்லும்.

மற்றொரு வழியைக் கென் பேர்லின் கண்டார். ‘ட்ரொன்’ என்னும் 1982ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கான வேலையில் ஈடுபட்டிருந்த அவர், கணினிப் படங்களின் இயந்திரத்தனமான வழுவழுப்பில் அதிருப்தியுற்று, ‘இரைச்சல்’ எனப்படும் சார்பொன்றை வகுத்து 1985இல் வெளியிட்டார். அதன் பயனை மதித்து 1997இல் அவருக்குத் திரைப்படக் கலைக்கழகத்தின் தொழினுட்ப விருது வழங்கப்பட்டது. இம்முறையில் கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாய்வுத் திசை எழுமாற்றாகக் குறிக்கப்படும். மூலைகளுக்கு இடைப்பட்ட புள்ளிகளின் உயரம் அச்சாய்வுகளை மென்மையாக இணைத்துக் கணிக்கப்படும். விளைவது மெல்ல ஏறி இறங்கும் அலைப்பரப்பு.

அலை ஒன்று மலையாகாது. எனவே பல அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். உதாரணமாக, முதலாவது அலை எட்டுக் கிலோமீற்றர் அகலமும் ஆயிரம் மீற்றர் உயரமும் கொண்டதாயின், அடுத்தது நான்கு கிலோமீற்றர் அகலமும் ஐந்நூறு மீற்றர் உயரமும், அதற்கடுத்தது இரண்டு கிலோமீற்றர் அகலமும் இருநூற்றைம்பது மீற்றர் உயரமும் கொண்டதாகும். இவ்வாறு ஏழெட்டு அடுக்குகளைக் கூட்டினால் பெருந்தொடரும் அதன்மேற் குன்றும் அதன்மேற் பாறைத் துருத்தலும் தோன்றும்.

இங்கு ஒரு வியப்பிற்குரிய சிக்கனம் உண்டு. எழுமாற்று எண்கள் யாவும் ‘விதை’ எனப்படும் ஒரே எண்ணிலிருந்து பிறப்பவை. அதே விதையை இட்டால் அதே மலை மீண்டும் முளைக்கும். ஆகவே மலையைச் சேமிக்க வேண்டியதில்லை. விதையைச் சேமித்தாற் போதும். முப்பத்திரண்டு கிலோபைற் நினைவகமே உடைய பிபிசி மைக்ரோ கணினிக்கென 1984இல் வெளிவந்த ‘எலைட்’ விளையாட்டு, எட்டு விண்மீன் மண்டலங்களை, ஒவ்வொன்றிலும் 256 உலகத் தொகுதிகளோடு, இச்சிக்கனத்தாலேயே அடக்கியது. பின்னர் 2011இல் முழுமையாக வெளிவந்த ‘மைன்கிராப்ட்’, 2016இல் வந்த ‘நோ மான்ஸ் ஸ்கை’ ஆகியனவும் இதே மரபின.

2. நீரின் வேலை

அலைகளை அடுக்கிப் பெற்ற மலையைக் கூர்ந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். அதில் வரலாறு இல்லை. மழை பெய்த அடையாளமில்லை; பள்ளத்தாக்குகள் ஒன்றோடொன்று இணைந்து ஆறாகிக் கடலை நோக்கிச் செல்வதில்லை; வெளியேற வழியற்ற குழிகள் ஆங்காங்கே கிடக்கும்.

மண்டல்புரொட்டிடம் பயின்ற கென் மஸ்கிரேவ், கிரேக் கோல்ப், றொபேட் மேஸ் ஆகியோருடன் இணைந்து 1989இல் இதற்குத் தீர்வு முன்வைத்தார். ஆக்கிய மலையின்மீது கணினியிலேயே மழையைப் பெய்வித்தல் என்பதே அது. ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது நீர் இடப்படும். நீர் தாழ்ந்த அயற்கட்டத்திற்கு ஓடும். ஓடும் வேகத்திற்கேற்ப மண்ணை அள்ளும். வேகம் குறையுமிடத்திற் படியவிடும். இதனைப் பல்லாயிரம் முறை திரும்பச் செய்தால் ஓடைகளும் விசிறிப் படிவுகளும் உருவாகும். இதனோடு இன்னொரு விதியும் சேர்ந்தது. ஒரு கட்டத்திற்கும் அடுத்த கட்டத்திற்கும் இடையேயுள்ள சாய்வு குறித்த கோணத்தை மீறினால், மேலுள்ள மண்ணில் ஒரு பகுதி கீழே நகர்த்தப்படும். வானிலையாலழிந்த பாறைத் துண்டுகள் சரிவின் அடியிற் குவிவதை இவ்விதி போலச் செய்கின்றது.

வேர்ல்ட் மெஷின், கையா, ஹூடினி முதலிய இன்றைய கருவிகள் இவ்விதிகளையே பெட்டிகளாக அமைத்துத் தருகின்றன. பயன்படுத்துவோர் இரைச்சற் பெட்டியை அரிப்புப் பெட்டியுடன் இணைத்து, அளவுகளை மாற்றி, விளைவை உடனுக்குடன் காணலாம். நிலவுரு ஆனதும் அதன்மீது தாவரமும் பாதையும் குடியிருப்பும் விதிப்படி இடப்படும். இத்தனை பாகைக்குக் குறைந்த சாய்வாயின் புல், அதற்கு மேலாயின் பாறை. இவ்வுயரத்திற்குக் கீழ் மரம், அதற்கு மேல் வெறுவெளி என்றவாறு அவ்விதிகள் அமையும். 2018இல் வெளிவந்த ‘பார் கிறை 5’ விளையாட்டின் காடுகளும் பாறைகளும் ஹூடினியில் வகுத்த இத்தகைய விதிகளாலேயே பரப்பப்பட்டன.

3. மத்திய மலைநாட்டை ஆக்கிப் பார்த்தல்

இனி இக்கருவிகளை எமது மலைநாட்டின்மீது பொருத்திப் பார்ப்போம். முதலில் எதிர்ப்படும் இடர்ப்பாடு திசை பற்றியது. பேர்லினின் அலை எத்திசையிலும் ஒரே தன்மையது. மலைநாடோ அவ்வாறன்று. மிகத் தொன்மையான உருமாறிய பாறைகளின் மடிப்புகளை அடியொற்றி, ஹற்றன், திம்புலைப் பகுதிகளின் தொடர்களும் பள்ளத்தாக்குகளும் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கின்றன. வன்பாறை மேடாக எஞ்ச, மென்பாறை பள்ளமாகியது. ஆகவே அலையை ஒரு திசையில் இழுத்து நீட்டாமல் இந்நிலத்தின் சாயலைக் கூடப் பெறவியலாது.

இரண்டாவது, படிநிலை பற்றியது. இலங்கையின் நிலத்தோற்றம் மூன்று அரிப்புச் சமவெளிகளாக, படி மேல் படியாக அமைந்துள்ளது என 1929இல் அடம்ஸ் எழுதினார். 1945இல் வாடியா அவற்றை நிலமேலுயர்ச்சியோடு தொடர்புபடுத்தி விளக்கினார். பின்வந்த ஆய்வாளர் இக்கொள்கைகளைத் திருத்தியும் மறுத்தும் உள்ளனராயினும், 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலையின் அடிவாரத்தில் நுவரெலியா மேட்டுநிலம் பரந்திருப்பதையும், ஹோட்டன் சமவெளி ‘உலக முடிவில்’ திடீரெனச் செங்குத்தாய் வீழ்வதையும் காண்போர் படிநிலையை மறுக்கவியலாது. இரைச்சற் சார்பு சமவெளியையும் செங்குத்தையும் அருகருகே தானாக ஆக்குவதில்லை. உயரங்களைப் படிகளாக வெட்டும் தனி விதியொன்றை நாமே சேர்க்கவேண்டும்.

மூன்றாவது, மழை பற்றியது. அரிப்புக் கருவிகள் வழக்கமாக மழையை எங்கும் சமமாகப் பெய்விக்கும். தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் வட்டவளையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீற்றர் மழை பெறுகின்றது. மலைத்தொடர்களுக்கு அப்பாலுள்ள நுவரெலியா நகர் ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றரே பெறுகின்றது. பறவைப் பறப்பில் அதிகத் தூரமில்லாத ஈரிடங்களுக்கிடையே இத்துணை வேறுபாடு உண்டெனின், சமமழை விதியால் இம்மலைகளின் மேற்குச் சரிவுகளை விளக்கவியலாது என்பது வெளிப்படை.

இவ்வாறெல்லாம் விதிகளைத் திருத்துவதைவிட உண்மையான உயர அளவுகளையே எடுத்தாள்வது எளிதன்றோ எனலாம். அதற்கும் வழியுண்டு. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாட் பயணத்தின்போது கதுவீ அலைகளால் உலகின் பெரும்பகுதியை அளந்தது. ஏறத்தாழ முப்பது மீற்றர்ச் சதுரத்திற்கு ஓர் உயரம் என்ற அளவிலான அத்தரவு இன்று எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றது. மலைநாட்டை விளையாட்டிலோ ஆய்விலோ அமைக்க விரும்பும் மாணவர் இதிலிருந்தே தொடங்கலாம்.

ஆயின் முப்பது மீற்றர்ச் சதுரம் எதனைக் காணும், எதனைக் காணாது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதன் பரப்பு 900 சதுர மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயக் காம்பரா ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அத்தகைய எண்பது காம்பராக்களின் தரைப்பரப்பு ஒரே சதுரத்துள் அடங்கிவிடும். எண்பது குடும்பங்களின் வாழ்விடத்திற்கு ஓர் எண்! மேலும், கதுவீ அலை மரச்செறிவின் மேற்பகுதியிலிருந்தும் தெறிப்பதால், காடடர்ந்த இடங்களில் அவ்வெண் நிலத்தின் உயரமும் அன்று.

4. உழைப்பு என்னும் விதி

மேற்கூறிய யாவும் இயற்கை பற்றியன. மலையகத்தின் நிலத்தோற்றத்தை ஆக்கிய மற்றொரு ஆற்றலைக் கருவிகள் அறியா. அது மனித உழைப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இச்சரிவுகளின் பெரும்பகுதி காடு. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதெனக் கொண்டு, கோப்பித் தோட்டங்களுக்கு விற்க வழிவகுத்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலையெங்கும் பரந்தது. 1873இல் தாவரவியலாளர் ஹூக்கரின் ஆலோசனையைத் தொடர்ந்து ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டைக் காக்கும் கொள்கை உருவாயிற்று. இன்றும் பல மலைகளில் தேயிலைக்கு மேலே காடு தொப்பிபோல் எஞ்சி நிற்பதை நாம் காண்கின்றோம். விளையாட்டுக் கருவியில் ‘இவ்வுயரத்திற்கு மேல் மரம்’ என்று எழுதும் விதியின் உருவிலேயே ஒரு நிருவாகக் கொள்கை மலைமீது எழுதப்பட்டது என்பது கருதத்தக்கது.

தோட்டத்தின் அமைப்பும் ஒருவகையில் விதிவழி ஆக்கமே. நீரும் பாதையும் கிட்டுமிடத்தில் தொழிற்சாலை. காட்சியும் காற்றும் உள்ள மேட்டில் துரையின் பங்களா. தேயிலைக்கு உதவாதெனக் கருதப்பட்ட ஓரங்களிலும் தாழ்விடங்களிலும் லயங்கள். பொதுவாக இவ்வொழுங்கே தோட்டத்திற்குத் தோட்டம் திரும்பத் திரும்ப வரும். விதை மாறும், விதி மாறாது. இவ்விதியை வகுத்தது புவியியல் அன்று, உற்பத்தி உறவு என்பதை மறத்தலாகாது.

இவ்வொழுங்கை மண்ணில் நிறைவேற்றியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர். அவர்கள் வெட்டிய கான்கள் சரிவின் குறுக்கே மழைநீரை மறித்து ஓடைக்குத் திருப்புகின்றன. கல்லடுக்குகள் மண்ணைத் தாங்குகின்றன. மலை முழுவதும் ஓடும் நீரின் பாதை இன்று இயற்கையான பாதையன்று. மண்வெட்டியால் வகுத்த பாதை. அரை மீற்றர் அகலக் கான் முப்பது மீற்றர்ச் சதுரத்திற் புலப்படாது. ஆனால் அக்கான் தூர்ந்தாலோ உடைந்தாலோ நீர் எங்கே செல்லும் என்பதே சரிவின் கதியைப் பல வேளைகளில் முடிவு செய்யும்.

நிலம் பற்றிய அம்மக்களின் அறிவு அவர்தம் சொல்வழக்கிலும் தங்கியுள்ளது. தேயிலைப் பரப்பின் பகுதி ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு ‘மலை’, அதற்கு எண்ணுண்டு. தோட்டப் பிரிவு ‘கணக்கு’. உயர்ந்தது மேற்கணக்கு, தாழ்ந்தது பணியக்கணக்கு. ஊற்று நீர் குழாய்வழி வீழுமிடம் பீலி. ஸ்கொட்லாந்துப் பெயர்கள் பலகையில் இருக்க, மக்கள் வழக்கிலே தமிழ்ப் பெயர்கள் வழங்கின. உயர அட்டவணையில் இவற்றுக்கு இடமில்லை. நீர்த்தேக்கத்திற்கும் இடமில்லாத நினைவுகள் உண்டு. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மறைந்தது. நீர் வற்றும் காலங்களில் அதன் கோயிலின் எச்சங்கள் வெளித்தோன்றும். கணினிக்கு அது சமதளமான ஒரே உயரம்.

5. விளையாட்டுக் கணிதமும் மண்சரிவு வரைபடமும்

இவையெல்லாம் விளையாட்டுப் பற்றிய பேச்சுத்தானே எனச் சிலர் கேட்கலாம். அவ்வாறன்று. சாய்வைக் கணிக்கும், நீரின் ஓட்டத்தைப் பின்தொடரும், எல்லை மீறிய சரிவைக் குறிக்கும் அதே கணிதமே மண்சரிவு அபாயத்தை மதிப்பிடவும் பயன்படுகின்றது.

1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் நுவரெலியாவும் பதுளையுமாகும். பாறையமைப்பு, மண்ணின் வகையும் தடிப்பும், சாய்வுக் கோணம், நீரோட்டமும் வடிகாலும், நிலப் பயன்பாடு, நிலவுரு ஆகிய ஆறு காரணிகளை அது கருத்திற் கொள்கின்றது. விளையாட்டுக் கருவி நிலத்தின் தோலை மட்டும் அறியும். இவ்வரைபடம் தோலின் கீழுள்ளதையும் கேட்கின்றது. ஆறனுள் நிலப் பயன்பாடு ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது, மனிதச் செயலும் சரிவின் காரணங்களுள் ஒன்றென ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

ஆயினும் அளவு என்னும் பிரச்சினை இங்கும் உண்டு. 1:10,000 அளவிலான வரைபடத்தில் ஒரு மில்லிமீற்றர் தரையிற் பத்து மீற்றர். தோட்டத் தொழிலாளர் வீடமைப்பில் முன்னர் வழங்கப்பட்டுவந்த ஏழு பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அவ்வரைபடத்தில் அது பக்கமொன்றுக்கு 1.3 மில்லிமீற்றர் கொண்ட புள்ளி. எனவேதான் வலயத்தின் நிறத்தை மட்டும் நம்பாது இடத்தை நேரிற் சென்று பார்த்தல் இன்றியமையாததாகின்றது.

அளவைவிடப் பெரிய பிரச்சினை ஒன்றும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அப்பகுதி ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. வரைபடம் அறிந்திருந்தது, எச்சரிக்கையும் சென்றிருந்தது. ஆனால், செல்வதற்கு வேறு காணி அம்மக்களிடம் இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்நிலை முற்றாக நீங்கப்பெற்ற ஒரு சமூகம், தான் உருவாக்கிய மலையில் தனக்கென ஓர் உறுதிப்பத்திரம் இன்றியே தலைமுறைகளைக் கழித்தது. 2017இல் நோர்வூட்டில், முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலதிகமாகப் 10,000 வீடுகள் இந்திய உதவியாக அறிவிக்கப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையால் மத்திய மலைநாடெங்கும் சரிவுகள் நிகழ்ந்தபோது, பாதுகாப்பான காணி எங்கே, அது யாருக்கு என்னும் வினா மீண்டும் எழுந்தது.

விளையாட்டுக் கருவியில், சாய்வு எல்லை மீறினால் மண்ணைக் கீழே நகர்த்து என்னும் விதி, மலைக்கு அழகூட்டும் ஒரு மெருகுவேலை. அதே விதி லயத்தின் பின்புறத்தில் இயங்கும்போது மனித உயிர்கள் போகின்றன. விதி ஒன்றே, சரிவின் அடியில் எவர் வாழ நேர்ந்தது என்பதே வேறுபாடு. அதனைக் கணிதம் தீர்மானிக்கவில்லை.

6. செய்யத்தக்கன

இக்கருவிகளை ஒதுக்கவேண்டுமென்பது எமது கருத்தன்று. மாறாக, அவற்றை எமது மாணவர் கற்று, எமது தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். பிளெண்டர், கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மலையகத்தைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டையோ கற்றல் மாதிரியையோ ஆக்க முனைவோர் மூன்று விடயங்களைக் கவனித்தல் நன்று.

முதலாவது, கான், பாதை, லயம், பீலி ஆகியவற்றை மலை முடிந்தபின் தூவப்படும் அலங்காரமாகக் கொள்ளாது, நீரின் பாதையை நிர்ணயிக்கும் அடுக்காக முதலிலேயே சேர்த்தல் வேண்டும். கானை அடைத்தும் திறந்தும் நீர் எவ்வழி செல்கின்றதெனக் காட்டும் மாதிரி ஒன்று, தோட்டப் பாடசாலையில் எந்தப் பாடநூலினும் தெளிவாகக் கற்பிக்கும்.

இரண்டாவது, தரையில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியன சரிவின் முன்னறிகுறிகள். இவற்றை நாள்தோறும் அம்மலையில் நடப்போரே முதலிற் காண்பர். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் எந்த மலையில் எந்தப் பீலி கலங்கியது எனச் சொல்வதைக் குறிக்கத்தக்க வகையில் வரைபடங்கள் அமைதல் வேண்டும். அதற்கு மக்கள் வழங்கும் இடப்பெயர்கள் அவ்வரைபடங்களில் ஏறவேண்டும். அப்பெயர்களைத் தொகுத்தல் தமிழ்த்துறையும் புவியியற்றுறையும் இணைந்து செய்யத்தக்க ஆய்வு. முதிய தலைமுறை இருக்கும்போதே அதனைத் தொடங்குதல் அவசியம்.

மூன்றாவது, கருவியின் இயல்பான தொடக்கநிலை எப்போதும் ஆளற்ற மலை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். 1840இன் சட்டமும் மலையை ஆளற்றதாகவே கண்டது. வெறும் உயரங்களின் அட்டவணையாக மலையை நோக்கும் பழக்கம், அங்கு வாழ்வோரைப் பின்னர் சேர்க்கத்தக்க விவரமாக ஆக்கிவிடும். கணினியில் மலை செய்வோர் வெற்றுக் கட்டத்தாளிலிருந்து தொடங்குவர். மத்திய மலைநாட்டின் கட்டத்தாளோ ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை. அதனை ஏற்றுக்கொண்டு தொடங்கும் மாதிரியே இம்மலைகளுக்கும் அவற்றில் வாழும் மக்களுக்கும் பயன்படும் மாதிரியாகும் என்பது எமது துணிபு.